ஆடிக் காற்றில் ராதாபுரம்

மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ராதாபுரம் வட்டாரத்தில் காற்றின் ஆட்சிதான். மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு வேகம் கூடி இந்தப் பக்கம் பாய்கிறது. முப்பந்தல், பணகுடி, வடக்கன்குளம் பகுதிகளில் காற்றாலைகள் நிறைந்திருப்பது இதனால்தான்.

மின்சாரத்துக்கு வரமான அதே காற்று, வீடுகளைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. மாடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த தெரு முருங்கையில் தொங்கும். அனுபவசாலிகள் கிளிப்பை நம்புவதில்லை. கொடிக்கயிற்றின் புரிகளைப் பிரித்து, இடையில் துணியின் முனையைச் செருகிவிடுவார்கள். கயிறு இறுகிப் பிடித்துக்கொள்ளும். எளிய, அருமையான உத்தி! வாசலைப் பெருக்குவதோ பெரும்பாடு. கூட்டிய குப்பை அள்ளுவதற்குள் திண்ணைக்கே திரும்பிவிடும். தானியம் தூற்றுபவர்களுக்கு மட்டும் கொண்டாட்டம்.

ஊர் எல்லையில் வேதனையான காட்சி ஒன்று உண்டு. குடைபோல் விரிந்த உடைமரங்களின் முள்ளெல்லாம் காற்றில் பறந்துவந்து சிக்கிய பாலித்தீன் பைகள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும் அவை ஒழிந்தபாடில்லை. வெயிலில் நைந்த பைகள் துணுக்குகளாகி வயலிலும் குளத்திலும் விழுகின்றன. உடைமரத்தின் காயான உடங்காயைப் பொறுக்க வரும் ஆடுகள் அவற்றையும் மென்றுவிடுகின்றன. வயிற்றில் செரிக்காமல் அவை தங்குவதால், ஆடுகள் தீனி எடுக்காமல் மெலிந்துபோகின்றன.