ஆலோசனை மேசையில் நமக்கும் ஓர் இடம்

(மேரு வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2010 அக்டோபரில் நம் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து அதைத் திறந்துவைத்தார்கள். அந்த வருகையின்போதே இன்னொன்றும் பிறந்தது. இரு நாட்டுப் பெருங்கம்பெனித் தலைவர்களும் அடங்கிய ஆலோசனை மன்றம் அது. அதில் இருப்பவர்கள் அமைச்சர்கள் அல்லர், தூதர்களும் அல்லர். ஆயினும் வாணிபத்தை எப்படி வளர்ப்பது என்று இரு அரசுகளுக்கும் யோசனை சொல்கிறார்கள். 2024 ஆகஸ்டில் அன்வார் புதுடில்லி சென்றபோது அம்மன்றம் ஒன்பதாம் முறை கூடித் தன் அறிக்கையை இரு பிரதமர்களின் பார்வைக்கும் வைத்தது.

இதை நாம் குறை கூறவில்லை. வாணிபம் வளர்ந்தால்தான் தோட்டம் வாழும். ஆனால் ஒரு கேள்வி உண்டு. வாணிபம் முறிந்தால் அடி யார் தலையில் விழும்?

2019-ஐ நினைத்துப் பாருங்கள். ஐ.நா. சபையில் பிரதமர் மகாதீர் காஷ்மீரைப் பற்றிப் பேசினார். அக்டோபரில் இந்திய எண்ணெய் வியாபாரிகள் சங்கம், மலேசிய எண்ணெயைத் தவிர்க்கும்படி தன் உறுப்பினர்களுக்கு யோசனை கூறியது. 2020 ஜனவரியில் இந்திய அரசு சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. பின்னர் உறவு சீரடைந்தது, உண்மைதான். ஆனால் ரப்பர் விலையையும் செம்பனை விலையையும் ஒட்டி நம் கூலி ஏறி இறங்குவதை நாம் அறிவோம். மேலே இருவர் பிணங்கினால், கீழே குலை வெட்டுபவன் வீட்டு அரிசிப்பானை ஆடுகிறது.

நம் பேரால் ஆலோசனை சொல்ல ஒருவர் வந்த காலமும் உண்டு. 1936-ன் இறுதியில் இந்திய அரசின் சார்பில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்தார். அப்போது அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். 1937-ல் அறிக்கை வெளிவந்தது. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய நாட்கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றார். கூலி உயர்ந்தது. ஆனால் எத்தனை நாள்? 1938-ல் ரப்பர் விலை சாய்ந்ததும் 45 காசும் 36 காசுமாக இறங்கியது. அவ்வாண்டு ஜூனில் இந்திய அரசு, உதவி கொடுத்துத் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டது. 1941-ல் இதே கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் மூண்டு உயிர்கள் பலியாயின.

பெரியவர் ஒருவர் நம்மைப் பார்த்துவிட்டுப் போய் நமக்காகப் பேசுவது நல்லது. ஆனால் அது போதாது. அவர் கப்பலேறிய பின் அவர் சொல்லைக் காப்பவர் யார்? சங்கம்தான் காக்க வேண்டும். அந்தப் பாடத்திலிருந்துதான் 1954-ல் பல சங்கங்கள் இணைந்து நம் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று.

2024 ஆகஸ்டில் இன்னோர் உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று. இந்தியத் தொழிலாளரைத் தெரிந்தெடுப்பது, வேலைக்கு வைப்பது, திருப்பி அனுப்புவது பற்றியது அது. வருபவர் நம் தாத்தா வந்த வழியில் வரும் உடன்பிறப்பு. அவரைக் குறைந்த கூலிக்கு வைத்தால் நம் கூலியும் குறையும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டாதீர். அவர் பாஸ்போர்ட் அவர் கையிலேயே இருக்கட்டும். ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுங்கள். இரு அரசுகளும் யோசனை கேட்கும் இடத்தில் முதலாளிக்குப் பக்கத்தில் தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். இது புதுமையன்று. 1919-ல் பிறந்த சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் அரசு, முதலாளி, தொழிலாளி மூவரும் அமர்கிறார்கள்.

நாற்காலி தானாக வராது. பால்வெட்டுத் தோழர்கள் தங்கள் குறையைச் சொல்லட்டும். கிராணிமார் அதை எழுதட்டும். கிளைச் சங்கம் அதைத் தலைமையகத்துக்கு அனுப்பட்டும். நமக்காகப் பிறர் பேசிய காலம் போதும். இனி நம் வாயால் நாமே பேசுவோம்.