பந்தலும் ஆங்கிலமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



துர்க்கா பூஜையைப் பற்றி ஆங்கிலக் கட்டுரை வரையும் நம் பிள்ளைகள் ‘பாண்டல்’ என்று எழுதினால், அப்படியொரு சொல் ஆங்கிலத்திலே இல்லை என்று சிவப்பு மையால் அடித்துத் தருவோர் உண்டு. வாடிய முகத்துடன் வரும் பிள்ளைக்கு நாம் என்ன விடை கூறுவது?

உண்டு என்றே துணிந்து கூறலாம். 1886-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில், தமிழ்ச் சொல் என்ற குறிப்புடனேயே அது இடம் பெற்றிருக்கிறது. அதனைத் தொகுத்த இருவருள் ஒருவரான பர்னெல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். திருமணப் பந்தலைக் காணாமலா இருந்திருப்பார்? ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலும் அதற்கு இடமுண்டு.

அகராதி ஏறியதெல்லாம் சொல்லாகிவிடுமோ எனின், ஆகாது. 1934-இல் வெப்ஸ்டர் பேரகராதியில் ‘டார்ட்’ என்றொரு சொல் ‘அடர்த்தி’ என்னும் பொருளுடன் ஏறிற்று. ‘பெரிய டி அல்லது சிறிய டி’ என்று அடர்த்தியின் சுருக்கக் குறிக்காக எழுதிய சீட்டை, யாரோ ஒரே சொல்லாகப் படித்துவிட்டனர்! 1939-இல்தான் பிழை புலப்பட்டது. எவர் நாவிலும் வழங்காத சொல் அது.

நம் சொல்லோ இந்நகரத்தார் அனைவர் நாவிலும் வழங்குகிறது. பூஜை நாட்களில் லேக் மார்க்கெட்டுப் பக்கம் செல்வோர் உற்றுக் கேளுங்கள். வங்காளிகள் ‘ப்யாண்டேல்’ என்பார்கள். ‘பந்தல்’ என்கையில் நம் நா பல்லைத் தொடுகிறது; அவர்கள் நா மேலண்ணத்தைத் தொடுகிறது. நம்மிடமிருந்து நேரே பெற்றிருந்தால் தகரம் தகரமாகவே நின்றிருக்கும். வங்க மொழியிலும் அவ்வொலி உண்டல்லவா? இடையே நின்று அதனை டகரமாக்கிக் கொடுத்தது ஆங்கிலமே.