எழுதி வைத்த கணக்கு



புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை என்று ஒரு வணிகர் இருந்தார். பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக வேலை பார்த்தார். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். துரைமார் சொல்வதை நம்மவர்களுக்கும், நம்மவர்கள் சொல்வதைத் துரைமாருக்கும் எடுத்துச் சொல்பவர். 1736-ஆம் ஆண்டு அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761-இல் இறந்தார். இடையில் 25 ஆண்டுகள்!

எதை எழுதினார்? எந்தக் கப்பல் வந்தது, எது போனது, கவர்னர் டியூப்ளே என்ன சொன்னார், வியாபாரத்தில் என்ன நடந்தது. எல்லாம் தமிழில். பண்டிதத் தமிழ் அல்ல, பேச்சுத் தமிழ்.

அவ்வளவு பெரிய மனிதருக்கே எழுத்து தேவைப்பட்டது. அடுகோடிக்கு வருவோம். இங்கிருந்து கோரமங்கலாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற ஓர் அம்மா. அவசரத்துக்கு 2,000 ரூபாய் முன்பணம் வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 500 ரூபாய் பிடித்தம். மார்ச், ஏப்ரல், மே, ஜூன். கடன் தீர்ந்தது. ஜூலையிலும் 500 பிடித்தால்?

“இன்னும் பாக்கி இருக்கே” என்பார் வீட்டுக்காரம்மா. வேண்டுமென்றே சொல்ல மாட்டார். அவருக்கும் மறந்திருக்கும். வாய்ப்பேச்சில் யார் ஜெயிப்பார்? பெரும்பாலும் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்தான். நோட்டில் நான்கு தேதியும் நான்கு தொகையும் இருந்தால் பேச்சே வேறு. பிடிக்கும்போதே அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். முதல் மாதம் மட்டும்தான்.

எதில் எழுதுவது? பிள்ளைகளின் பழைய நோட்டில் மிஞ்சிய தாள் போதும். மாதக் காலண்டரின் கட்டமும் போதும். பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. தினம் கிழிக்கிற காலண்டரில் மட்டும் வேண்டாம். தாளோடு கணக்கும் குப்பைக்குப் போய்விடும்!

பணம் மட்டும்தானா? குழந்தைக்கு 6, 10, 14-வது வாரங்களில் தடுப்பூசி. பிறகு 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி. நடுவில் 5 மாதத்துக்கு மேல் இடைவெளி. மறப்பது இங்கேதான். நர்ஸ் அட்டையில் தேதி எழுதித் தருவார். அட்டை டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். அந்தத் தேதியைக் காலண்டரிலும் எழுதுங்கள். அடுப்பங்கரையில் கண்ணில் படும்படி மாட்டுங்கள்.

வேலை முடிந்தால் ஒரு கோடு போட்டு அடியுங்கள். அழிக்க வேண்டாம். ‘சீட்டுப் பணம் 300, வியாழன்’ என்பது கோட்டுக்குக் கீழே தெரியட்டும். அடுத்த மாதம் யாராவது கேட்டால் காட்டலாம்.

எழுத்துப் பிழை வருமே என்கிறீர்களா? ‘சம்பளம்’ என்பது ‘சம்பலம்’ ஆகிவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. 6-ஐயும் 9-ஐயும் மட்டும் நிதானமாக எழுதுங்கள்.