தேத்தண்ணி ஆறும்வரை சுற்றும் வட்டம்



வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் 'ரீச்சர்'. ஒருநாள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, ரீஸ்டார்ட் குடுத்திட்டுப் போய்த் தேத்தண்ணி வைச்சுக் குடிச்சிட்டு வந்தாலும் உது சுத்திக்கொண்டுதான் நிக்குது. ஃபோமட் அடிச்சால் சரியாகுமாம் எண்டு ஒரு பொடியன் சொல்லுறான். அடிக்கட்டோ?"

"பொறுங்கோ ரீச்சர், நான் வந்து பாக்கிறன்" என்றேன்.

ஃபோமட் அடிப்பது கொழும்பில் கொம்பியூட்டருக்குக் கொடுக்கும் பனடோல். தலையிடிக்கும் அதுதான், கால் நோவுக்கும் அதுதான். சிலவேளை சுகம் வரும். ஆனால் எங்கே நோகிறது என்று எவரும் கேட்பதில்லை. இரண்டு மாதத்தில் பழைய வருத்தம் திரும்பி வரும். அதற்கிடையில் பிள்ளையின் படங்களும் பாடக்குறிப்புகளும் அழிந்துபோயிருக்கும்.

ரீச்சர் வீட்டில் நான் செய்தது, கைத்தொலைபேசியில் நேரம் எண்ணும் கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ரீஸ்டார்ட்டை அழுத்தியதுதான். நேயர்களும் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை. ரீஸ்டார்ட் என்பது ஒரே வேலையல்ல. முதலில், ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்கள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டவேண்டும். அடுத்து திரை கறுத்து, கம்பனியின் சின்னம் வரும். அது விண்டோஸுக்கு முந்திய நேரம். அதன் பின்னர்தான் விண்டோஸ் வட்டம் சுற்றும். கடைசியாகப் பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போனபிறகு, மவுஸ் சொல்வழி கேட்கும்வரை காத்திருக்கும் நேரம். நாலில் எது இழுபடுகிறதென்று தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிப் பக்கம், உயர்தரம் படிக்கும் பையன் ஒருவனின் கொம்பியூட்டரில் இழுபட்டது அந்தச் சின்னம் வரும் இடம். 'சிபியு' என்று நாங்கள் எல்லாரும் சொல்கிறோமே அந்தப் பெட்டி, அதன் பின்பக்கம் ஒரு வெளி டிஸ்க் செருகியபடியே கிடந்தது. அப்பப்பா பார்ப்பதற்காகச் சேர்த்த எம்ஜிஆர் படங்கள். இயந்திரம் ஒவ்வொரு தரமும் விண்டோஸ் அதற்குள் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இல்லையென்று கண்டு, பிறகுதான் சொந்த டிஸ்க்குக்கு வந்தது. கழற்றி வைத்தோம், வருத்தம் அதோடு போய்விட்டது. இவ்வளவுக்கும் அந்த வீட்டில் புதிது வாங்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

ரீச்சரின் கதை அப்படியல்ல. அவருக்கு முதற்கட்டமும் கடைசி இரண்டு கட்டங்களும் இழுபட்டன. அதோடு அவர் சொன்ன ஒன்று என்னைக் கொஞ்சம் சிரிக்க வைத்தது. "ஷட் டவுன் பண்ணிப் போட்டு விடியப் போட்டால் கொஞ்சம் கெதியா வருது தம்பி. ரீஸ்டார்ட் குடுத்தால்தான் இந்தக் கூத்து." இரண்டும் ஒன்றுதானே என்று நாம் நினைக்கிறோம். 2012இல் விண்டோஸ் 8 வந்த நாளிலிருந்து அவை ஒன்றல்ல. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற ஏற்பாட்டின்படி, ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் நடுப்பகுதி முழுதாக அணைவதில்லை. தன் நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுப் படுக்கிறது. விடிய எழும்போது அதை வாசித்துக்கொண்டு எழும்புகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் இறக்கி வைத்து, வெறுங்கையோடு தொடங்குகிறது. ஆகவே ரீஸ்டார்ட் சற்றுப் பிந்துவது நோயல்ல. தேத்தண்ணி ஆறும் அளவுக்குப் பிந்துவதுதான் நோய்.

கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் என்ற பக்கத்தில் 'அப் டைம்' என்றொரு கணக்கு இருக்கிறது. நாள்தோறும் இரவில் அணைத்துவிட்டுப் படுக்கும் ரீச்சரின் இயந்திரத்தில், நான் ரீஸ்டார்ட்டை அழுத்துமுன் பார்த்தபோது, அது பத்தொன்பது நாள் காட்டியது. "நான் ஒவ்வொரு நாளும் நூக்கிறனான்!" என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

அதே டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பட்டியலும் உண்டு. இயந்திரம் எழும்பும்போதே தாங்களும் எழும்பி வரும் புரோகிராம்கள் அங்கே வரிசையாக நிற்கும். ரீச்சரின் வரிசையில் ஸ்கைப்பும் நின்றது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிள்ளைகள் இருக்கும் வெள்ளவத்தை வீடுகளில் ஒரு காலத்தில் ஸ்கைப் இல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மைக்ரோசொஃப்ட் அதை 2025 மே மாதம் மூடிவிட்டது. ஆனால் இந்த வீட்டில் அது இன்னமும் விடியற்காலையில் எழும்பி ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. தேவையில்லாததை 'டிசேபிள்' பண்ணினால் போதும், அழிக்கவேண்டியதில்லை. வைரஸ் காவலனில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இதனால் ஒரு நிமிடம் மிச்சமானது. இன்னும் வட்டம் சுற்றியது. டாஸ்க் மனேஜரில் டிஸ்க் என்ற இடத்தில் நூறு சதவீதம் என்று நின்றபடி நின்றது. காதை வைத்துக் கேட்டேன். டிக், டிக், சற்று ஓய்வு, மறுபடி டிக்.

பழைய ஹார்ட் டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு நிமிடம் சொல்லவேண்டும். உள்ளே தட்டுகள் சுழல்கின்றன. வீட்டுக் கொம்பியூட்டர்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 தரம், அதாவது நொடிக்கு 120. ஒரு சின்னக் கை அங்குமிங்கும் ஆடி, வேண்டிய இடம் தனக்குக் கீழே வரும்வரை காத்திருந்து வாசிக்கிறது. புறக்கோட்டை மொத்தக் கடையில், கேட்ட ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே பையன் ஏணியில் ஏறி மேல்தட்டுக்குப் போய் வருவதுபோல. சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளானால் நொடிக்கு நூறு தரம் போய்வந்தாலே அது கெட்டிக்காரன். விண்டோஸ் எழும்பும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கில். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு ஏணி கிடையாது. நொடிக்குப் பல்லாயிரம் தரம் எடுத்துக் கொடுக்கும்.

அந்தப் பையனுக்குக் கண்ணும் மங்கினால்? தட்டில் பழுதான ஓரிடம் வந்தால் டிஸ்க் உடனே கைவிடாது. திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும். அந்த ஓய்வும் டிக் சத்தமும் அதுதான். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவியைப் போட்டுப் பார்த்தேன். நீலம் வரவேண்டிய இடத்தில் மஞ்சள் வந்தது. இப்படிப்பட்ட டிஸ்க்கில் ஃபோமட் அடித்து விண்டோஸ் போடுவது, இடிந்துகொண்டிருக்கும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை.

இந்த டிஸ்க் ஏன் இப்படியானது என்று ரீச்சர் கேட்டார். வயது ஒரு காரணம். ஆனால் 2022ஐ மறக்க முடியுமா? அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுதும் இருண்டபோது, பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். கரண்ட் சட்டென்று நிற்கும்போது டிஸ்க், சுழற்சியில் மிஞ்சிய விசையைக்கொண்டே தன் கையைப் பத்திரமாக ஓரத்துக்கு இழுத்துக்கொள்ளும். ஆனால் பாதி எழுதியது பாதிதான். அடுத்த தரம் எழும்பும்போது அதைச் சரிபார்க்கவும் நேரம் எடுக்கும். மின்வெட்டு நம் கையில் இல்லை. சுவர் சுவிட்ச் நம் கையில்தான். திரை கறுத்தவுடன் சுவிட்சை நூக்கும் பழக்கம் ரீச்சருக்கும் இருந்தது. நான் முன்னே சொன்ன அந்த நிலையை டிஸ்க் எழுதிக்கொண்டிருப்பது அந்த நேரத்தில்தான். பெட்டியின் விளக்கு அணைந்தபிறகே சுவரில் கை வையுங்கள்.

கடல் காற்றும் தன் பங்கைச் செய்திருந்தது. காற்றாடியில் பிசுபிசுத்த தூசி. ராம் துண்டின் பொன்னிற விளிம்பில் மங்கல். அதை அழிறப்பரால் மெல்லத் தேய்த்தேன். பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான், நேயர்களே.

பிறகு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி ஒரு எஸ்எஸ்டி வாங்கினோம். அங்கே கடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. மூன்று கடையில் விலை கேட்காமல் வாங்காதீர்கள், வொரண்டிக் கடதாசியைப் பத்திரப்படுத்துங்கள். புதியதைப் பூட்டுவதற்கு முன்பு பழைய டிஸ்க்கிலிருந்து வேண்டியதையெல்லாம் எடுத்தாகவேண்டும். அந்த வேலைக்கு ஓர் இரவு முழுதும் பிடித்தது. பழுதான இடம் வரும்போதெல்லாம் டிக், டிக் என்று நின்று, மீண்டும் நகர்ந்தது.

இப்போது ரீச்சரின் இயந்திரம் ஒரு நிமிடத்துக்குள் ரீஸ்டார்ட் ஆகிறது. 2009இல் எடுத்த பள்ளிக்கூடப் பிரியாவிடைப் படங்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. மூன்று மட்டும் கடைசிவரை வரவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு, வட்டம் முதன்முதல் மெதுவாகச் சுற்றத் தொடங்கியபோதே எடுத்திருந்தால் வந்திருக்குமோ என்று கேட்டார்.

"வந்திருக்கும் ரீச்சர்" என்றேன்.