உந்துருளியின் நோய்முதல் நாடல்

(ஊர்தி வினைஞரும் தொழிற்பயிற்சி மாணவரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உந்துருளி இன்று செல்வர் வீட்டு அணிகலன் அன்று. விடியுமுன் பால் கொண்டு செல்பவர்க்கும், கொத்து வேலைக்குச் செல்பவர்க்கும், ஊர் ஊராய் மீன் விற்பவர்க்கும் அதுவே கால். அது வழியில் நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடுகிறது. பட்டறைக்குத் தள்ளிச் சென்றால் முதலில் தீப்பொறிச் செருகியை மாற்றுகிறார்கள். ஓடவில்லையெனில் மின்சுருளை மாற்றுகிறார்கள். அதன்பின் எரிவளிக் கலப்பியைக் கழற்றுகிறார்கள். எப்படியோ வண்டி ஓடிவிடுகிறது. எதனால் நின்றது என்பது மட்டும் உடையவர்க்கும் தெரிவதில்லை, மாற்றியவர்க்கும் தெரிவதில்லை. மூன்று உறுப்புகளுக்கு விலை கொடுத்தவர் நான்காம் நாள் அதே சாலையில் மீண்டும் நிற்கிறார்.

நம் வினைஞரின் கைத்திறம் எவர்க்கும் இளைத்ததன்று. குறை கையில் இல்லை. நாடும் முறையில் உள்ளது. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு எந்திரத்துக்கும் பொருந்தும். முதலில் நோய் இன்னதென்று காணவேண்டும், அடுத்து அதன் முதலைக் காணவேண்டும், அதன்பின்னரே மருந்து. மருந்தில் தொடங்கி நோயைத் தேடுவது மருத்துவமாகாது.

இவ்வொழுங்கை விளக்க, தமிழ்நாட்டில் பலரும் அறிந்த ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் இரெட்டிச்சு நகரில் பிறந்த இராயல் என்பீல்டு புல்லட்டு, 1956-ஆம் ஆண்டுமுதல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவாகலாயிற்று. வார்ப்பிரும்பு எந்திரம் பூண்ட அப்பழைய புல்லட்டு இன்று ஆலையிலிருந்து வெளிவருவதில்லை. ஆயினும் ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் உறுப்புகள் கண்ணுக்குத் தெரிவன, கைக்கு எட்டுவன. கற்பார்க்கு அதனினும் நல்ல பாடநூல் அரிது.

நான்கு தேவைகள்

புல்லட்டு 350-இன் உருளை 70 மி.மீ. விட்டமுடையது, அதனுள் ஆடுதண்டு 90 மி.மீ. மேலும் கீழும் செல்கிறது. உறிஞ்சல், அழுத்தல், எரிந்து விரிதல், வெளியேற்றல் என்பன அதன் நான்கு வீச்சுகள். வணரித்தண்டு இருமுறை சுழன்றால் ஒருமுறை தீப்பொறி வேண்டும். எனவே எந்திரத்துக்கு வேண்டுவன நான்கே: கன்னெய், காற்று, உரிய பொழுதில் தீப்பொறி, போதிய அழுத்தம். இவற்றுள் ஒன்று குறைந்தாலன்றி எந்திரம் நில்லாது. குறைந்தது எது என்று அறிவதே நோய்முதல் நாடல்.

கிளம்பாத வண்டி

எளியதை முதலில் பார்க்க. கலத்தில் கன்னெய் உள்ளதா? அதன் குழாய் திறந்துள்ளதா? திறவுகோல் திருப்பப்பட்டதா? நிறுத்துச் சொடுக்கி மாறிக் கிடக்கிறதா? நகைக்கத்தக்க வினாக்களாகத் தோன்றும். ஆயினும் இவற்றைக் கேளாமல் எந்திரத்தைப் பிரித்தோர் உளர்.

அடுத்து, கலப்பிக்குச் செல்லும் குழாயைக் கழற்றிச் சிறு குப்பியில் பிடித்துப் பார்க்க. கன்னெய் தடையின்றி ஒழுகினால் கலமும் குழாயும் நலமே. சொட்டுச் சொட்டாய் வந்தால் வடிகட்டியில் அடைப்பு. மழைக்குப்பின் வந்த நோயாயின் கலப்பியின் மிதவைக் கிண்ணத்தை இறக்கிப் பார்க்க. அடியில் நீர் முத்துமுத்தாய்த் தங்கியிருக்கலாம். இன்றைய கன்னெய்யில் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் நீரை ஈர்ப்பது. ஆகவே நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் பழைய கன்னெய்யை வடித்துவிடுவதே முதல் வேலை.

கன்னெய் வருகிறது, வண்டி கிளம்பவில்லை. இப்பொழுது மின்னோட்ட அளவியைப் பார்க்க. புல்லட்டின் முகப்பில் முள்ளோடு கூடிய அவ்வளவி வெறும் அழகுக்காக வைத்ததன்று. விளக்குகளை அணைத்துத் திறவுகோலைத் திருப்பி, உதைமிதியை மெல்ல அழுத்தி எந்திரத்தைச் சுழற்றுக. பட்டறையில் பாயிண்டு எனப்படும் தொடுமுனைகள் பொருந்தும்போது முள் இழப்புப் பக்கம் சாயும். அவை விலகும்போது நடுவுக்கு மீளும். முள் இவ்வாறு அசைந்தால் மின்கலமும் உருகியும் தொடுமுனையும் மின்சுருளின் முதற்சுற்றும் வேலை செய்கின்றன என்று பொருள். முள் அசையவே இல்லையெனில் வழியில் எங்கோ அறுபட்டிருக்கிறது, அல்லது தொடுமுனையில் அழுக்குப் படிந்திருக்கிறது. முள் சாய்ந்தபடியே நின்றால் தொடுமுனை விலகவில்லை, அல்லது ஒரு கம்பி சட்டகத்தைத் தொடுகிறது. ஒரு கருவியும் எடுக்காமல், ஒரு திருகும் கழற்றாமல் இத்துணையும் அறியலாம். ஆய்வு முடிந்ததும் திறவுகோலை அணைத்துவிடுக. தொடுமுனை பொருந்திய நிலையில் விட்டால் மின்சுருள் சூடேறும், மின்கலமும் வடியும்.

முள் செவ்வனே அசைந்தும் கிளம்பவில்லையெனில் தீப்பொறிச் செருகியைக் கழற்றுக. பிளக் எனப் பட்டறையில் வழங்குவது இதுவே. அதை அதன் தொப்பியில் பொருத்தி, உருளையின் துளைக்கு எட்ட வைத்து, உலோக உடல் எந்திரத்தைத் தொடுமாறு கிடத்தி உதைக்க. துளையினின்று கன்னெய் ஆவி வெளிவரும்; பொறி அதனருகே பாய்ந்தால் தீப்பற்றும். ஆதலின் எட்டவைத்தல் இன்றியமையாதது. நீலப்பொறி படீரென்று பாய்ந்தால் நன்று. மஞ்சளாய் மெலிந்த பொறியாயின் தொடுமுனை, மின்தேக்கி, மின்சுருள், உயரழுத்தக் கம்பி, தொப்பி என ஒவ்வொன்றாய் நாடுக. தொடுமுனை இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருத்தல்வேண்டும். முனைகளுக்கிடையே பெரும்பொறி சிதறி அவை கருகியிருந்தால் மின்தேக்கி கெட்டது என்று அறிக.

செருகியின் முகமே ஒரு சுவடி. இளம்பழுப்பு நிறம் நலத்தைக் காட்டும். உலர்ந்த கரி, கன்னெய் மிகுந்து காற்றுக் குறைந்ததைக் காட்டும்; காற்று வடிகட்டியையும் அடைப்பானையும் பார்க்க. எண்ணெய்ப் பசையோடு கூடிய கருமை, வளையமோ ஓரதர் வழியோ தேய்ந்ததைக் காட்டும். வெளுத்துப் பொரிந்திருந்தால் கன்னெய் குறைந்தது, அல்லது பொறி முந்துகிறது. கன்னெய்யால் நனைந்திருந்தால் எந்திரம் மூழ்கிவிட்டது. செருகியை உலர்த்தி, கன்னெய்க் குழாயை அடைத்து, முறுக்குப் பிடியை முழுதும் திறந்து சிலமுறை உதைக்க.

ஓடி நிற்கும் வண்டி

கிளம்பாத வண்டியைவிட ஓடி நிற்கும் வண்டியே வினைஞரை மிகுதியும் அலைக்கழிப்பது. பால்காரர் ஒருவரின் வண்டி நாள்தோறும் ஐந்தாறு அயிரமீட்டர் ஓடியதும் திணறி நிற்கிறது என்று கொள்வோம். கால்மணி கழித்து உதைத்தால் கிளம்புகிறது. பட்டறைக்கு வந்தாலோ ஒரு குறையும் இல்லை. செருகி மாற்றியாயிற்று, மின்சுருள் மாற்றியாயிற்று. நோய் போகவில்லை. நின்ற இடத்திலேயே கன்னெய்க் கலத்தின் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லவேண்டும். 'உசு' என்று காற்று உள்ளே பாய்ந்து, வண்டி உடனே கிளம்பினால் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டது என்பது உறுதி. கன்னெய் இறங்க இறங்கக் கலத்துள் காற்று நுழையவேண்டும். நுழையாவிடில் கன்னெய் இறங்காது. அதற்கு மருந்து ஓர் ஊசி, விலை ஏதுமில்லை.

மூடி திறந்தும் கிளம்பாமல் ஆறியபின்னரே கிளம்பினால் ஐயம் மின்சுருளின்மேலும் மின்தேக்கியின்மேலும் செல்லவேண்டும்; சூட்டில் அவற்றின் காப்பு தளரும். மழையில் மட்டும் நின்றால் உயரழுத்தக் கம்பியையும் தொப்பியையும் இருளில் பார்க்க; வெடிப்பு வழியே மின்பொறி கசிவது கண்ணுக்கே தெரியும். எந்தச் சூழலில் நோய் தோன்றுகிறது என்று உடையவரைக் கேட்பதே பாதி மருத்துவம். கேளாத வினைஞன் நாடி பாராத மருத்துவன்.

மின்கலமும் மின்னாக்கியும்

பழைய புல்லட்டுகள் 6 வோல்ட்டு மின்கலம் உடையவை. பின்னர் வந்தவை 12 வோல்ட்டு. நிறைவுற்று ஓய்ந்திருக்கும் 12 வோல்ட்டுக் காரீயக் காடி மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட்டுக் காட்டும். 12-க்குக் கீழ் இறங்கினால் அது வடிந்துவிட்டது. எந்திரம் நடுத்தர விரைவில் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏறவேண்டும். ஏறவில்லையெனில் குற்றம் மின்கலத்தில் இல்லை. மின்னாக்கியிலோ மின்திருத்தியிலோ இடையிணைப்பிலோ உள்ளது. 15-ஐத் தாண்டினால் சீராக்கி கெட்டது. மின்கல நீர் வற்றும், விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பட்டுப்போகும். இதை அளவாமல் புதிய மின்கலம் வாங்கிப் பொருத்துவோர் சில திங்களில் அதையும் இழப்பர்.

முனைகளில் பூத்த வெண்பச்சைப் பூப்பை வெதுநீரும் ஆப்பச் சோடாவும் கொண்டு கழுவி உலர்த்துக. கலத்தினுள் அந்நீர் புகாதவாறு காத்துக்கொள்க. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதனை இறுதியிலும் கொள்க. மின்னேற்றும்போது நீரகவளி எழும். அருகில் நெருப்பு ஆகாது. குறைந்த நீருக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக; காடியை ஊற்றற்க.

விளக்கு மங்குவதும் ஒலிப்பான் கரகரப்பதும் பெரும்பாலும் சட்டக இணைப்பின் குறையே. ஒலிப்பானை அழுத்திக்கொண்டு, மின்கலத்தின் எதிர்முனைக்கும் ஒலிப்பான் இணைந்த சட்டகத்துக்கும் இடையே அளந்து பார்க்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்விணைப்பில் துருவோ வண்ணப்பூச்சோ தடையாய் நிற்கிறது. சுரண்டித் தூய்மை செய்து இறுக்குக.

உருகி எரிந்தால் அதனிடத்தில் தடித்த கம்பியை முறுக்கி வைப்பது நம்மிடையே பரவிய தீய வழக்கம். உருகி காவலன். அவனைக் கொன்றுவிட்டு வீட்டைத் திறந்து வைத்தால் அடுத்து எரிவது கம்பிக்கட்டு முழுதும். சில வேளை வண்டியும், அதன்மேல் இருப்பவரும். உருகி ஏன் எரிந்தது என்று நாடுக. கைப்பிடி திரும்பும் கழுத்துப் பகுதியிலும், இருக்கையின் அடியிலும் கம்பிகள் உராய்ந்து தோல் உரிந்திருக்கும். கைப்பிடியை இருபுறமும் திருப்பும்போது விளக்கு இமைத்தால் இடம் அகப்பட்டது.

புகையும் அழுத்தமும்

நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை கன்னெய் மிகுதியைக் காட்டும். விடியற்காலையில் சிறிது நேரம் வரும் வெண்புகை நீராவியே, அஞ்சற்க. கன்னெய்யோடு எண்ணெய் கலந்து எரிக்கும் ஈர்வீச்சு வண்டிகளுக்கு இவ்விலக்கணம் முழுதும் பொருந்தாது.

உதைமிதி தடையின்றி இறங்கினால் அழுத்தம் போயிற்று. வளையமா, ஓரதரா? ஒரு கரண்டி எண்ணெய்யைச் செருகித் துளை வழியே விட்டு மீண்டும் உதைக்க. தடை கூடினால் வளையம் தேய்ந்தது. கூடாவிடில் ஓரதர் பொருந்தவில்லை. புல்லட்டில், எந்திரம் குளிர்ந்திருக்க, அழுத்த வீச்சின் உச்சியில், தள்ளுதண்டு விரலால் எளிதில் சுழலவேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் சூடேறியதும் ஓரதர் மூடாமல் அழுத்தம் கசியும். ஐயந்தீர ஆராய்ந்த பின்னரே தலைமூடியைத் திறக்க.

இழுவை குன்றிச் சூடு மிகுந்தால் தொடுமுனையை மீண்டும் பார்க்க. அதன் உராய்கட்டை தேயத் தேய இடைவெளி சுருங்கும்; பொறி பிந்தும்; பிந்திய பொறி ஆற்றலைத் தராமல் சூட்டையே தரும்.

புதிய வண்டிகள்

தொடுமுனை மறைந்து மின்னணுப் பொறியூட்டல் வந்தது. 2020 ஏப்பிரல் 1 முதல் நடப்புக்கு வந்த பாரத் ஆறாம் நிலைப் புகைநெறிக்குப்பின் கலப்பியும் பெரும்பாலான வண்டிகளில் மறைந்து எரிநெய்ப் பீச்சி வந்துள்ளது. 'இனி நாம் அறிய ஒன்றுமில்லை' என்று சோர்தல் வேண்டா. தேவைகள் அந்நான்கே. திறவுகோலைத் திருப்பியதும் கலத்தினுள் எக்கி இரண்டொரு நொடி முரலவேண்டும். முரலவில்லையெனில் அதன் உருகியைப் பார்க்க. பக்கத் தாங்கியின் சொடுக்கி அழுக்கேறினாலும் பல வண்டிகள் கிளம்பா. குறைகாட்டும் விளக்கு அணையாமல் எரிந்தால் அது ஓர் உறுப்பின் பெயரைச் சொல்ல முயல்கிறது. குறிப்பேட்டைக் கொண்டு கேட்க. எந்திரம் ஓடும்போது மின்கல இணைப்பைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தை அறவே விடுக. மின்னணு உறுப்புகள் அந்நொடியே அழியலாம்.

பெயரும் அறிவும்

இளைஞர்களே! வால்வு என்று ஆண்டுக்கணக்காய்ச் சொல்லும் பையனுக்கு அஃது ஓர் ஒலி. ஓரதர் என்று சொல்லிப் பாருங்கள்: அதர் என்றால் வழி, ஒருபுறம் மட்டும் வழிவிடுவது என்று அப்பெயரே பாடம் நடத்துகிறது. உருகி என்ற பெயரறிந்தவன் அதன் தொழிலை அறிவான். அறிந்தவன் அங்கே தடித்த கம்பியை வைக்கக் கூசுவான். அடைப்பு, கசிவு, தேய்வு, திணறல், இழுவை என்ற நோய்ப்பெயர்களைப் பட்டறையே நமக்குத் தந்திருக்கிறது. உறுப்புப் பெயர்களும் அவ்வாறே நாவில் பழகவேண்டும்.

ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வந்த நோய், கண்ட முதல், செய்த மருந்து என மூன்று கட்டங்கள் வரைந்து நாள்தோறும் தமிழில் எழுதுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குற்றம் என்று என்றும் அறியீர்கள். கடைசியாய் எவர் கை எங்கே பட்டதோ அங்கே முதலில் பாருங்கள். வண்டியை ஒப்படைக்கும்போது, 'இதனால் நின்றது. இதைச் செய்தோம்' என்று உடையவர்க்கு விளங்கச் சொல்லுங்கள். அவர் கூலியாளாயினும் அறிந்துகொள்ளும் உரிமையுடையவர். அவ்வொரு சொல்லில் உங்கள் தொழிலின் மதிப்பும் அவருடைய நாட்கூலியும் ஒருங்கே காக்கப்படும்.