அச்சுக்குக் கொடுக்கும் முன்

ஆடலும் பாடலும் காண வந்த உங்கள் முன் கணினியைப் பற்றிப் பேச நிற்கின்றோம், பொறுத்தருள்க. பத்தாம் வகுப்போடு ரயில்வே அலுவலகத்தில் புகுந்து, கோப்புகளிடையே தலைநரைக்கும் எழுத்தர் நாம். எனினும் தாளும் அச்சும் நமக்குப் பழகியவை.

தமிழகத்தில் திருமண அழைப்பிதழில் ஓரெழுத்துப் பிறழ்ந்தால் அச்சகத்துச் சிறுவனே சுட்டிக் காட்டிவிடுவான். இங்கு, காலனிக்கு வெளியேயுள்ள அச்சுக்கடைக்காரருக்கோ தமிழெழுத்து கோலத்தைப் போன்றது. நல்லவர்தாம்; கொடுத்ததை அப்படியே அச்சிட்டுத் தருவார். கொம்பு எழுத்துக்கு முன்னே நின்றாலும் பின்னே நின்றாலும் அவருக்கு ஒன்றே. பிழையைக் காணக்கூடிய கடைசிக் கண் நம்முடையதே.

கொம்பு எவ்வாறு இடம் மாறுகின்றது? யூனிகோடு முறையில் கணினி 'கொ'வைச் சேமிக்கும்போது முதலில் ககரம், அதன் பின்னரே உயிர்க்குறி. கொம்பை முன்னே கொணர்ந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. அவ்வித்தை அறியாத பழைய மென்பொருளில் 'கொடி' ஏற்றினால், கொம்பு ககரத்தின் பின்னே ஒதுங்கி நிற்கும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களின் கதை இன்னும் மோசம். அந்த எழுத்துரு கடைக்காரரின் கணினியில் இல்லையெனில், மணமகன் பெயரிருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆயினும் பழைய கோப்புகள் நம் வீட்டுக் கணினிகளில் இன்னும் உள்ளன.

ஆதலின் முன்தோற்றம் பாருங்கள். வேர்டு மென்பொருளில் கண்ட்ரோல் விசையோடு பி எழுத்தை அழுத்தினால் தாள் உடனே வெளிவராது. அச்சாகப் போகும் பக்கம் திரையில் தோன்றும். முதலில் தாளின் அளவை நோக்குக. ஏ4 தாள் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். லெட்டர் அளவோ 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம். ஒன்றுக்கு அமைத்ததை மற்றொன்றில் அடித்தால் ஓரம் வெட்டுப்படலாம், எழுத்துச் சுருங்கலாம்.

பள்ளியில் தமிழ் வகுப்பு வேண்டி மனு அனுப்புவோர் இதனைக் குறித்துக்கொள்க. மனு முழுதும் ஒரு தாளிலும் கையொப்பங்கள் மட்டும் மறுதாளிலும் நின்றால், எந்த அலுவலகத்திலும் அதனை ஐயத்தோடே புரட்டுவர். மேசைக்கு இப்புறம் அமர்ந்து நாம் கண்டது இது. முன்தோற்றத்தில் அவ்வாறு தெரிந்தால், கடைசிப் பத்தியும் கையொப்பத்தோடு சேர்ந்து மறுபக்கம் செல்லுமாறு, அப்பத்திக்கு முன்னே கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்துக. வெறும் என்டரையே பத்துமுறை தட்டி வரிகளைத் தள்ளும் பழக்கம் வேண்டா. நடுவில் ஒரு சொல் கூடினாலும் எல்லாம் மீண்டும் குலையும்.

எல்லாம் சரியாயின் பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். எழுத்துருவும் பெரும்பாலும் அக்கோப்பினுள் அடங்கிவிடும். அதனைக் கைபேசியில் திறந்து, வீட்டுப் பாட்டியாரிடம் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் விரைந்து தட்டச்சிடுவர். ளகர ழகரம் பாட்டியாருக்கே அகப்படும். கடையில் முதலில் ஒரே ஒரு படி எடுத்துப் பார்த்து, பின்னரே முந்நூறு படிக்குப் பணம் கொடுங்கள்.