சங்கிலிப் பதிவேடும் சாட்சியமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் பத்திரம் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சிகளை ஏற்படுத்தவும் பணிக்கின்றது. இன்றோ பணமும் மோசடியும் சாட்சியமும் கைப்பேசிக்குள்ளேயே அடங்கிவிட்டன. அச்சாட்சியம் ஒரு விரல் பட்டால் அழிந்துபோகும்.

இதற்குப் 'பிளாக்செயின்' என்னும் முறை பேசப்படுகின்றது. நம் கணக்குப் புத்தகத்தில் முன்பக்க மொத்தத்தை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதுகிறோம் அல்லவா? இடையே ஓர் எண்ணைத் திருத்தினால் பின்வரும் பக்கங்கள் யாவும் பிசகும். அப்புத்தகத்தின் பிரதிகள் பல ஊர் ஜமாஅத்துகளிடமும் இருந்தால், ஒருவர் மட்டும் திருத்தி மறைக்க இயலாது. இதன் சாரம் அவ்வளவே.

வளையலுக்குப் பெயர்பெற்ற உத்தரப் பிரதேசத்து ஃபிரோஸாபாத்தில், 2022 அக்டோபரில் காவல்துறையினர் இம்முறையில் புகார் பெறும் தளத்தைத் தொடங்கினர். பதிந்த புகாரை எவரும் மாற்றவோ மறைக்கவோ கூடாது என்பதே நோக்கம். மனுவுடன் நிலையப் படியேறி வெறுங்கையுடன் திரும்பியோர் இதன் அருமையை அறிவர்!

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவும், மின்னணுச் சான்றுடன் 'ஹாஷ்' எண் குறித்த சான்றிதழைக் கோருகின்றது. அது கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் எண் மாறிவிடும்.

ஆயினும் எத்தகைய பூட்டும் பெட்டிக்குள் வைத்ததையே காக்கும். பொய்யைப் பதிந்தால் பொய்யே பத்திரமாயிருக்கும். நம்மவரோ ஏமாந்த வெட்கத்தால் செய்திகளை அழித்துவிடுகின்றனர். படத்தைக் காட்டி மிரட்டப்படும் பிள்ளை, பெற்றோரிடமும் சொல்வதில்லை. அழித்தபின் எந்தச் சங்கிலி எதைக் காக்கும்? மானத்தை மறைக்கிறோம் என்றெண்ணி, குற்றவாளியின் தடயத்தையன்றோ மறைத்துக் கொடுக்கிறோம்!

பணம் போன உடனே 1930 எண்ணை அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும். நகரி, புத்தூர் சென்று வியாபாரம் செய்வோருக்கும் எண் இதுவே. எந்த மாநிலம் என்று தயங்க வேண்டுவதில்லை. பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்க. 2019இல் தொடங்கப்பெற்ற தேசிய சைபர் குற்றத் தளத்தில், பெண்கள், குழந்தைகளின் ஆபாசப் படங்கள் தொடர்பான குற்றங்களைப் பெயர் வெளியிடாமலும் தெரிவிக்கலாம்.

மனு எழுத இயலாதோர் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்திற்கு வரலாம். கைப்பேசியில் எதையும் அழிக்காமல் அப்படியே கொண்டு வருக.